என் தோணியில் மூணு தண்டனை

அந்தப் படத்தைக் கொஞ்சம் நிறுத்துங்க தம்பி. பக்கத்துல உக்காந்துட்டு உங்க போனை எட்டிப் பாக்கிறது தப்புதான், மன்னிச்சுக்கிடுங்க. ஆனா அந்தக் கப்பல் கேப்டன் சாட்டையால அடிக்கான் பாருங்க, அது சுத்தப் பொய். அப்படிக் கையை மேல தூக்கி வீசினா சாட்டை சுத்தி வந்து நம்ம காதுலதான் விழும். எப்படித் தெரியும்னு பாக்கியளா? நான் அடிச்சிருக்கேன்.

ஏன் தள்ளி உக்காருதிய? பயப்படாதீங்க, நான் அந்த மாதிரி ஆளு கிடையாது. தோணியில தண்டலா இருந்தவன். கப்பலுக்குக் கேப்டன் மாதிரி தோணிக்குத் தண்டல். எஞ்சின் வாரதுக்கு முன்னால தூத்துக்குடியில இருந்து கொழும்புக்கு வெங்காயம், வத்தல், ஓடு எல்லாம் பாய் விரிச்சுத்தான் போச்சு. என் பேரு பெலவேந்திரன். தோணி பேரு அருள் அந்தோணி. நல்ல தோணி. தோணியில ஒரு குறையும் கிடையாது. ஆளுகதான்.

என்ன கோளாறுன்னா, அத்தனை பேரும் சொந்தக்காரன். சமைக்கிற ஆளைப் பண்டாரிம்போம். எங்க பண்டாரி கயித்தான், எங்க அப்பாவுக்கு அண்ணன். எனக்குப் பெரியப்பா. சுக்கான் பிடிக்கிறவன் நிக்கலாஸ், என் சகலை. என் பொண்டாட்டி ரெஜினாளோட அக்காவைக் கட்டினவன். மூத்த மாப்பிள்ளை இல்லையா, அதனால என்னைவிட ஒரு படி மேலேன்னு அவனுக்கு நெனப்பு. பாய் பாக்கிறவன் தொம்மை, ரெஜினாளோட ஒரே தம்பி. தோணிக்கு வாரதுக்கு முன்னால சங்கு குளிச்சவன், மூச்சடக்கிக் கடலடியில சங்கு பொறுக்கினவன். மத்தவனுவளும் ஏதோ ஒரு வழியில மாமன், மச்சான். தோணியை நானா ஓட்டினேன்? சொந்தபந்தம் ஓட்டுச்சு.

'பாயை இறக்கு'ன்னு சொல்லுவேன். இறக்க மாட்டானுவ. பேசுவானுவ. 'ஏன் அத்தான் இறக்கணும்?' 'காத்து நல்லாத்தானே இருக்கு?' 'பெரியவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோமே.' பெரியப்பா அடுப்படியில இருந்து வந்து, வானத்தைப் பாத்து, மூக்கை உறிஞ்சி, 'கொழம்பு கொதிக்கட்டும், பொறவு இறக்கலாம்'பாரு. கொழம்புக்கும் காத்துக்கும் என்ன தம்பி சம்பந்தம்?

கொழும்புத் துறைமுகத்துல நடந்ததைச் சொல்லுதேன், கேளுங்க. நங்கூரம் போடுங்கடான்னு கத்துதேன். எல்லாரும் சீட்டு விளையாடுதானுவ. தொம்மை தலையைத் தூக்காம, 'இந்த ஆட்டம் முடியட்டும் அத்தான்'ங்கான். தோணி பாட்டுக்குப் போகுது. போயி, துறைமுகத்து அதிகாரி ஒருத்தரோட வெள்ளைப் படகு, புதுப் பெயிண்ட் அடிச்சு மாலை எல்லாம் போட்டு நிக்கி, அதுல முட்டிட்டு. பக்கத்துத் தோணியில தண்டல் ரெபேரா நின்னுக்கிட்டிருந்தான். அவன் இருமினாலே அவன் ஆளுவ எந்திரிச்சு நிப்பானுவ. அவன் கையைத் தட்டிச் சிரிச்சுக்கிட்டே கேட்டான், 'ஏல பெலவேந்திரா, அது தோணியா கல்யாண வீடா?'

எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஊருக்கு வந்ததும் மிராந்தா அண்ணாச்சியைத் தேடிப் போனேன். அவரு வெள்ளைக்காரன் கப்பல்ல உலகம் சுத்தினவரு. வெங்காயம் உரிக்கிற வேலைதான். ஆனா வெள்ளைக்காரன் கப்பல்லலா உரிச்சாரு! டீக்கடையில உக்கார வெச்சு என் குறையைச் சொன்னேன். அவரு டீயை ஆத்திக்கிட்டே சொன்னாரு. 'அந்தக் காலத்துல, பாய்மரக் கப்பல் இருந்தப்போ, தண்டனைன்னா தண்டனை. தூங்கினா அடி. துப்பினா அடி. கேப்டனை முறைச்சா அடி. ஒம்பது வால் உள்ள சாட்டை வெச்சிருந்தான். சின்னத் தப்புக்குப் பாய்மர உச்சியில ஏத்தி உக்கார வெச்சிருவான். பெரிய தப்புக்குக் கயித்துல கட்டி, கப்பலுக்கு இந்தப் பக்கம் கடல்ல போட்டு, அடி வழியா இழுத்து அந்தப் பக்கம் எடுப்பான்.'

'ஆள் பிழைப்பானா அண்ணாச்சி?'ன்னேன்.

'பிழைச்சவன் திருந்துவான்'னாரு.

'பிழைக்காதவன்?'

'அவனும் பொறவு தப்புப் பண்ண மாட்டான்லா.'

எனக்கு அப்படியே சிலிர்த்துட்டு. 'அந்தக் கப்பல்ல கேப்டனுக்கு மச்சான், சகலைன்னு யாரும் கிடையாதா?'ன்னு கேட்டேன். கிடையாதுன்னாரு. அங்கதான் சூட்சுமம்.

அடுத்த பயணம். கரை மறைஞ்சதும் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, இன்னையில இருந்து இந்தத் தோணியில மூணு தண்டனை உண்டுன்னு சொன்னேன். நல்ல கம்பீரமாத்தான் சொன்னேன். முடிச்சதும் ஒரே அமைதி. சரி, பயந்துட்டானுவன்னு நெனச்சேன். தொம்மை கையைத் தூக்கினான்.

'அத்தான், தண்டனை வாங்குத அன்னைக்கு வேலை உண்டா?'

'கிடையாது. தண்டனையில இருக்கிறவன் எப்படில வேலை பாப்பான்?'

'சோறு?'

'சோறு உண்டு. நான் என்ன ராட்சசனா?'

ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்கிட்டானுவ. அந்தப் பார்வை அப்பமே எனக்குச் சரியாப் படல.

மறுநாளே நிக்கலாஸ் சுக்கானைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கிட்டான். சகலைன்னு பாக்கல நான். 'ஏறுல பாய்மரத்துல! பொழுது சாயுத வரைக்கும் உச்சியிலயே இரு!'ன்னுட்டேன். விறுவிறுன்னு ஏறினான். ஏறி, காலைத் தொங்கப் போட்டு உக்காந்தான். கீழ வெயிலு, வெங்காய நாத்தம். மேல குளுகுளுன்னு காத்து. கொஞ்ச நேரத்துல பாட ஆரம்பிச்சான். பொறவு மேல இருந்து கை நீட்டி, 'இடது பக்கம் வெட்டுங்க... இன்னும்... ஆங், போதும்'ங்கான். அவனுக்கு எல்லாம் தெரியுது, எனக்கு ஒண்ணும் தெரியல. அவன் சொல்லுதபடி நான் சுக்கான் பிடிக்கேன் தம்பி! அவனுக்குத் தண்டனைங்கிறதால சுக்கானை வேற யாரு பிடிக்கது?

மதியம் ஆனதும் 'பாவம், தண்டனையில இருக்கான்'னு பெரியப்பா பொரிச்ச மீனுல பெரிய துண்டாப் பாத்து வாளியில வெச்சு மேல அனுப்புதாரு. எனக்கு வால் துண்டு. சாயங்காலம் அவன் இறங்கினதும் ஒவ்வொருத்தனா எங்கிட்ட வாரான். 'தண்டல், நான் நேத்து உங்களை மனசுல திட்டினேன்.' 'அத்தான், நான் கடல்ல துப்பினேன்.' எல்லாரும் உண்மையை ஒத்துக்கிடுதானுவ. தண்டனைக்கு எவ்வளவு சக்தி இருக்குன்னு அன்னைக்குத்தான் பாத்தேன்.

அடுத்தது சாட்டை. பெரியப்பா கொழம்புல உப்பை அள்ளிக் கொட்டிட்டாரு. கடல் தண்ணியைக் குடிச்சா அதைவிடக் கொஞ்சம் தேவலை. உப்புக்குச் சாட்டைன்னு நான் ஏற்கெனவே சொல்லியாச்சு. சொன்னா மாத்த முடியுமா? ஆனா சாட்டை இல்லை. தோணியிலயே கயிறு நல்லாத் திரிக்கிற ஆளு யாருன்னு கேட்டா, அதுவும் பெரியப்பாதான். 'எனக்குத்தானே, நானே செஞ்சுக்கிடுதேன்'னு உக்காந்தாரு. தேங்காய் நாரைத் தேடி எடுத்து, மெத்து மெத்துன்னு ஒம்பது வாலும் திரிச்சு, நுனியில பூ மாதிரி குஞ்சம் கட்டி, பிடிக்குச் சிவப்புத் துணி சுத்தி... கல்யாணத்துல வெச்சுக் குடுக்கலாம், அப்படி ஒரு சாட்டை. செஞ்சு முடிச்சு அந்தோணியார் படத்துக்கு முன்னால வெச்சுக் கும்பிட்டுட்டு எங்கிட்ட குடுத்தாரு.

'பெரியப்பா, சட்டையைக் கொஞ்சம் கழத்துங்க'ன்னேன்.

கழத்திட்டுத் திரும்பி நின்னாரு. எனக்குக் கை வரமாட்டேங்கு. அப்பா செத்த பொறவு என்னைத் தூக்கி வளத்தவரு. குனிஞ்சு காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அவரும் தலையில கை வெச்சு, 'நல்லா இரு ராசா, அடி'ன்னாரு. நானும் அந்தப் படத்துக் கேப்டன் மாதிரியே கையை மேல தூக்கி ஓங்கி வீசினேன். எட்டு வால் பாய்மரக் கயித்துல சுத்திக்கிட்டு. ஒம்பதாவது வால் திரும்பி வந்து என் காதுல பட்டுன்னு விழுந்துச்சு. வலி கண்ணுல தெரிஞ்சுட்டு தம்பி. அதனாலதான் சொல்லுதேன், அந்தப் படத்துல காட்டுறது பொய்.

ரெண்டாவது வீச்சு சரியா முதுகுல விழுந்துச்சு. பெரியப்பா, 'இன்னும் கொஞ்சம் கீழ... இடுப்புக்கிட்ட... அங்கதான் வாயுப் பிடிப்பு... ஆஆ, மகராசா'ங்காரு. ஊருல வைத்தியர்ட்ட போயும் கேக்காத வாயு இதுல கேட்டுட்டு. அதுல இருந்து சாயங்காலம் ஆனா சட்டையைக் கழத்திக்கிட்டு வந்து நிப்பாரு. 'இன்னைக்கும் உப்பு ஜாஸ்தி ராசா.'

சிரிக்காதீங்க தம்பி. நீங்க சிரிக்கது மாதிரிதான் அன்னைக்குத் தொம்மையும் சிரிச்சான். சிரிச்சதோட விட்டிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். காதைப் பொத்திக்கிட்டு 'அய்யோ அம்மா'ன்னு நான் குதிச்சதை அவன் நடிச்சுக் காட்டினான். நான் 'அய்யோ அம்மா'ன்னு சொல்லவே இல்லை, அது வேற விஷயம். அந்நேரம் பாத்து ரெபேராவோட தோணி எங்களைத் தாண்டிப் போச்சு. இந்தப் பய ஓரத்துல நின்னு அவங்களுக்கும் நடிச்சுக் காட்டுதான்! ரெபேரா ஆளுவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கானுவ. ரெபேரா தலையில துண்டைக் கட்டிக்கிட்டு எனக்கு சல்யூட் அடிக்கான்.

எனக்குக் கண்ணு இருட்டிட்டு. 'கட்டுங்கல அவனை! தோணிக்கு அடியில இழுங்கல!'ன்னேன்.

அப்போ காத்தும் விழுந்து போச்சு. பாய் தொங்கிட்டு. கடல் கண்ணாடி மாதிரி கிடக்கு. யாரும் சிரிக்கல. பெரியப்பா வந்து மெதுவா, 'ஏல, விளையாட்டு போதும்'னாரு. நான் கேக்கல. ஒரு தண்டல் சொன்னதை வாபஸ் வாங்கினா பொறவு அவன் தண்டலா?

தொம்மை என்ன செஞ்சான் தெரியுமா? சட்டையைக் கழத்தி மடிச்சு வெச்சிட்டு, 'எந்தப் பக்கம் அத்தான் குதிக்கணும்?'னு கேட்டான்.

கயிறு எப்படிக் கட்டினோம்னு சொல்லுதேன். நடுவுல ஒரு வளையம், அது அவன் இடுப்புல. வளையத்துக்கு ரெண்டு பக்கமும் கயிறு. ஒரு முனை தோணிக்கு அடி வழியாப் போயி வலது பக்கம் நிக்கலாஸ் கையில. இன்னொரு முனை இடது பக்கம் எங்க கையில, எனக்கும் பெரியப்பாவுக்கும். அவன் இடது பக்கம் குதிக்கணும், நிக்கலாஸ் ஆளுவ இழுக்கணும், வலது பக்கம் வரணும். அவ்வளவுதான். சின்ன வேலை.

குதிச்சான். இழுத்தானுவ. நான் வலது பக்கத்துக்கு ஓடினேன். கயிறு வந்துச்சு. வளையம் வந்துச்சு. உள்ள ஆள் இல்லை.

தம்பி, அந்தத் தண்ணி இப்பவும் என் கண்ணுக்குள்ள நிக்கி. ஒரு குமிழி கிடையாது. நிக்கலாஸ் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கான். 'தொம்மை!'ன்னு கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எனக்குத் தெரியல. நான் அழுதேன்னு பின்னால எல்லாரும் சொன்னானுவ. நான் அழல. வெயில்ல கண்ணு கூசுச்சு. 'அந்தோணியாரே, பயலைத் திருப்பிக் குடுங்க, என் தோணியை எடுத்துக்கிடுங்க'ன்னு நான் கத்தினதா நிக்கலாஸ் சொல்லுதான். தோணி முதலாளியோடது, நான் எப்படிக் குடுப்பேன்? யோசிச்சுப் பாருங்க. 'ரெஜினாள்ட்ட என்னத்தைச் சொல்லுவேன்'னு கேட்டேன். அது உண்மை. அதைக் கேட்டேன்.

இடது பக்கத்துக்கு ஓடி வந்து, 'வளையத்தை இழுங்க பெரியப்பா'ன்னேன். அவரு இழுத்தாரு. அது அடி வழியாத் திரும்பி வந்துச்சு. அதைத் தலை வழியா என் இடுப்புல மாட்டினேன். பெரியப்பா என் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டாரு. 'ஏல கிறுக்கா, உனக்கு நீச்சல் தெரியாதேல!'

ஆமா, தெரியாது. அதுல என்ன இருக்கு? தண்டலுக்குத் தோணியை மிதக்க வைக்கத் தெரிஞ்சா போதும். வேட்டி அவரு கையில நின்னுட்டு. நான் கடல்ல.

கயித்துல பாரம் தெரிஞ்சதும் அந்தப் பக்கம் நிக்கலாஸ், 'ஆள் மாட்டிட்டான்டே! இழு, இழு!'ங்கான். அத்தனை பேரும் சேந்து இழுத்தானுவ. அவ்வளவு ஒத்துமையா அவனுவ வேலை பாத்து நான் அதுக்கு முன்னால கண்டதே இல்லை. என்னைத் தோணிக்கு அடியில இழுத்துக்கிட்டுப் போறானுவ. அடியில கொட்டலசுன்னு ஒண்ணு ஒட்டி வளரும். சின்னச் சின்னச் சிப்பி மாதிரி, பிளேடு மாதிரி வெட்டும். முதுகு பூரா கிழிஞ்சுட்டு. வாய்க்குள்ள கடல். மாதாவேன்னு நெனக்கேன், நெனப்பு முடியல, ஒரு கை வந்து என் தலைமுடியைப் பிடிச்சு இழுத்துச்சு.

வெளிய வந்து கண்ணைத் திறந்தா, தொம்மை. முழுசா இருக்கான். ஒரு கீறல் கிடையாது.

பய என்ன செஞ்சிருக்கான்னா, பாதி வழியில வளையத்தைக் கழட்டி விட்டுட்டு, பின்பக்கம் போயி சுக்கானுக்கு அடியில மூக்கை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நின்னுருக்கான். சங்கு குளிச்சவனுக்கு அது ஒரு வேலையா? நான் எவ்வளவு நேரம் தேடுவேன்னு பாக்கலாம்னு நின்னானாம். நான் குதிச்ச சத்தம் கேட்டதும் ஆடிப் போயிட்டான். அவன்தான் முங்கி வந்து என்னைப் பிடிச்சு மேல இழுத்திருக்கான்.

தோணியில தூக்கிப் போட்டதும் அவன் என் பக்கத்துல உக்காந்து, 'அத்தான், அத்தான், கண்ணைத் திறங்க அத்தான்'னு அழுதான். அவன் அழுதான், அது எனக்குத் தெளிவாத் தெரியும். நான் கண்ணைத் திறந்து, வாயில இருந்த தண்ணியைத் துப்பிட்டு, 'இனிமே சிரிப்பியால?'ன்னு கேட்டேன்.

'மாட்டேன் அத்தான்'னான்.

பாத்தியளா! மிராந்தா அண்ணாச்சி சொன்னது அப்படியே பலிச்சுட்டு. பெரியப்பா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டு என்னைக் குப்புறப் படுக்க வெச்சாரு. அங்க இருந்து கொழும்பு போயி, சரக்கு இறக்கி, திரும்பி ஊரு வாரது வரைக்கும் ஒரு பய எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. காத்து வந்துச்சு, 'பாய்'னு முனங்கினேன், முழுசாச் சொல்லல, அதுக்குள்ள பாய் ஏறிட்டு. 'தண்ணி'ன்னா தண்ணி. துறைமுகத்துல நங்கூரம் நான் சொல்லாமலே விழுந்துச்சு. சீட்டுக்கட்டை யாரும் தொடல. எல்லாரும் கால் நுனியில நடக்கானுவ, ரகசியமாப் பேசுதானுவ. ரெபேரா எட்டிப் பாத்துட்டு, 'என்னவே, உள்ள யாரும் செத்துட்டாவளா?'ன்னு கேட்டான். ஒழுக்கம்னா என்னன்னு அவனுக்கு எங்க தெரியப் போகுது?

ஊரு வந்ததும் தொம்மை எங்கூட வீட்டுக்கு வர பயந்தான். நான்தான் கூட்டிட்டுப் போனேன். எனக்கும் கொஞ்சம் துணையா இருக்கும்லா. சட்டை போட்டே குளிக்கலாம்னு பாத்தேன், முடியல. ரெஜினாள் முதுகைப் பாத்துட்டா.   முற்றத்துல எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சா.

'இது என்ன?'ன்னா.

'கொட்டலசு'ன்னேன்.

'கொட்டலசு தோணிக்கு அடியிலதானே இருக்கும்? நீங்க எங்க இருந்திய?'

நான் அந்த மூணு தண்டனையையும் முறையா எடுத்துச் சொல்ல ஆரம்பிச்சேன். வெள்ளைக்காரன் கப்பல்ல... அப்படின்னேன். அதுக்குள்ள தொம்மை குறுக்க விழுந்து, 'நான் முங்கிப் போயிட்டேன்க்கா, அத்தான் என்னைத் தூக்கக் குதிச்சாரு'ன்னான். ஏன் முங்கினான், யார் முங்க வெச்சாங்கிறதை விட்டுட்டான். அரைகுறையாச் சொன்னான் பாருங்க. நானும் திருத்தல.

அவ என்னையே பாத்துக்கிட்டிருந்தா. 'கிணத்துல இறங்கி வாளி எடுக்கச் சொன்னா மாட்டேம்பியளே. நீங்க குதிச்சியளா?'

'வேட்டிகூட இல்லாமக்கா'ன்னான் தொம்மை. அதை அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

'ஏன் குதிச்சிய?'

 தண்டல்கிட்ட அப்படி ஒரு கேள்வியை யாரும் கேக்கக் கூடாது. நான் வானத்தைப் பாத்தேன். அவ முந்தானையால மூக்கைத் துடைச்சிட்டு உள்ள போயிட்டா.

மதியம் சோத்துக்கு உக்காந்தோம். அன்னைக்கு நல்ல விளமீன் கொழம்பு. அந்த வீட்ல மீன் தலை யாருக்குன்னு பேச்சே கிடையாது. எனக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து அது தம்பிக்குத்தான். அவனும் வட்டிலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். அவ தலையை எடுத்து என் வட்டில்ல வெச்சா.

தொம்மை, 'யக்கா, தலை?'ன்னான்.

'அது தண்டலுக்கு'ன்னா.

என் பொண்டாட்டி அதுவரைக்கும் என்னைத் தண்டல்னு சொன்னதே கிடையாது தம்பி. 'இந்தா', 'ஏங்க', கோவம் வந்தா 'பெரிய இவரு'. அவ்வளவுதான். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். கொழம்புல காரம் ஜாஸ்தி, கண்ணுல தண்ணி வந்துட்டு.

பக்கத்துல இந்தப் பய வட்டிலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். சோத்தைப் பிசையுதான், வாயில வைக்க மாட்டேங்கான். பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. மீன் தலையில ருசியே கண்ணுதான், உங்களுக்குத் தெரியும்லா. ஒரு கண்ணை நோண்டி எடுத்து அவன் சோத்துல வெச்சேன்.

ஒரு கண்ணுதான் தம்பி. ரெண்டையும் குடுக்கல. கண்டிப்புன்னு ஒண்ணு இருக்குல்லா.